ஆர்டிஸ் வீட்டுப் புளித்த வாடை

ஆர்டிஸ் ஹாகனுக்கு மூக்கு இருந்தது, வாசனை கிடையாது. பத்தொன்பது வயதில் ஒரு குதிரை அவளை வேலிக்கு மேலாகத் தூக்கி எறிந்தது. மண்டை தப்பியது, மூக்கின் வேலை போய்விட்டது. அதற்குப் பிறகு அவளுக்கு ரோஜாவும் ஒன்றுதான், எருக்குழியும் ஒன்றுதான்.

பேட்ஜர் ஓடைப் பள்ளத்தாக்கில் இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள் காதுபட யாரும் வாசனையைப் பற்றிப் பேச மாட்டோம். அவள் சமையலறையில் ரொட்டி வெந்துகொண்டிருந்தால் மூச்சைக்கூட ஆசையாக இழுக்க மாட்டோம். காலில்லாதவன் முன்னால் நடனத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்கிற மாதிரி ஒரு மரியாதை. மொன்டானாவில் எங்கள் பக்கத்து ஜனங்கள் இந்த மரியாதையில் பெரிய கெட்டிக்காரர்கள். அடுத்தவர் வீடு எரிந்தாலும் கதவைத் தட்டி, நேரம் சரியில்லையோ என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வோம். அந்த மரியாதையின் மேல் எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை.

நான் டார்லா. இருபத்தாறு வருஷமாக இந்த ஓடைக்கரைச் சாலையில் தபால் கொண்டுபோகிறேன். மற்றவர்களுக்குச் சாலை முனையில் இருக்கும் பெட்டியோடு சரி. ஆர்டிஸ் வீட்டுக்கு மட்டும் செவ்வாயும் வெள்ளியும் உள்ளே போய் ஒரு காபி குடிப்பேன். சட்டப்படி தப்பு. அந்தச் சட்டம் எழுதினவன் ஜனவரியில் இந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும்.

ஆர்டிஸ் தானியக் கிடங்கில் எடைபோடுகிறவளாக முப்பத்தொரு வருஷம் இருந்தவள். அறுவடைக் காலத்தில் கோதுமை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தராசு மேடையில் ஏறும். அவள் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, முள் ஆடி அடங்கும்வரை காத்திருப்பாள். எத்தனை பேர் பின்னால் ஹாரன் அடித்தாலும் முள் நிற்காமல் பேனாவை எடுக்க மாட்டாள். 'ஆர்டிஸ் போட்ட எடை' என்றால் அதற்கு மேல் பள்ளத்தாக்கில் பேச்சு கிடையாது. அந்தப் பெயர்தான் அவளுடைய சொத்து.

அந்த மேடையில்தான் ஹால்வரும் வந்து சேர்ந்தான். தன் லாரியோடு ஏறி நின்றவன், லாரியில் தானும் இருந்ததைச் சொல்ல மறந்துவிட்டான். அவள் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, இறங்கு, உன்னையும் கோதுமை விலைக்கு விற்கப் பார்க்கிறாயா என்று கேட்டாளாம். அடுத்த வருஷம் கல்யாணம். பிள்ளைகள் இல்லை. ஒரு நாய் போனால் இன்னொரு நாய் என்று முப்பத்தேழு வருஷம் ஓடியது.

எங்கள் பக்கத்தில் தோட்டாவைக் கடையில் பெட்டியாக வாங்குவது, ரொட்டியைக் கடையில் வாங்குவது மாதிரி. தேவைப்பட்டால் செய்வோம், பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டோம். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, கையால் அழுத்தும் பிரஸ்ஸில் கொடுத்துப் பழைய அளவுக்கு நெருக்கி, அடியில் பொறி தரும் புதுக் கேப்பு பதித்து, வெடிமருந்து நிறுத்துப் போட்டு, வாயில் குண்டை அழுத்தி உட்கார வைத்தால் மறுபடியும் தோட்டா. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு ருசி உண்டு. இந்த மருந்து இத்தனை கிரெயின், இந்தக் குண்டு என்று அதன் ருசி பிடிபட்டுவிட்டால், ஒரே தடவையில் தயாரான அதே மருந்தில் பெரிய டப்பாவாக வாங்கிப் பதுக்கிவிடுவார்கள். அடுத்த தயாரிப்பில் குணம் இம்மி மாறினாலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

ஹால்வரும் ஆர்டிஸும் இதைச் சேர்ந்தே செய்தார்கள். மேற்கு ஜன்னலுக்குக் கீழே கனமான பலகை மேசை. அதில் பச்சை வண்ணம் உதிர்ந்த பிரஸ், ஒரு ஓரத்தில் சின்ன முள் தராசு. ஹால்வர் டப்பாவைத் திறப்பான். மூடியைத் திருகி, மூக்கைக் கிட்டே வைத்து ஒரு இழுப்பு இழுத்து, தலையை ஆட்டிவிட்டு அவள் பக்கம் நகர்த்துவான். அவள் நிறுப்பாள். ஐம்பத்துநாலு கிரெயின். ஒரு குன்றிமணியில் பாதி எடைதான் ஒரு கிரெயின் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் சிட்டிகையால் கிள்ளி எடுத்துவிடுவாள்.

ஹால்வர் வைக்கோல் வெட்டும்போது வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். டிராக்டர் தானாகவே போய் ஓடைக்கரை வில்லோ புதரில் முட்டி நின்றது. சவ அடக்கத்துக்கு வந்த ஆண்கள் மேசையைக் கழற்றி எடுத்துப்போக உதவுகிறோம் என்றார்கள். ஆர்டிஸ் அவர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுத்து, மேசை இருக்கிற இடத்திலேயே இருக்கும் என்று சொல்லி அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் தனியாக உட்கார்ந்து தோட்டா போட்டாள். குளிர்காலத்து மத்தியானம் நான் போகும்போதெல்லாம் இதே காட்சிதான். வெளியே சத்தமில்லாமல் பனி விழும். ரேடியோ கேட்டும் கேட்காமலும் ஏதோ மாட்டு விலை சொல்லும். நாய் டிங்கர் அடுப்போரத்தில் கனவில் முயல் துரத்தும். ஆர்டிஸின் கை பிரஸ் கைப்பிடியை இறக்கும், ஏற்றும், இறக்கும். கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்கும். நான் கோட்டைக் கழற்றி, காபியை நானே ஊற்றிக்கொண்டு உட்காருவேன். பேச மாட்டோம். அந்த வீட்டில் நேரம் பனியோடு சேர்ந்து விழுந்து, தரையைத் தொடாமலே நின்றுவிடும். என் வண்டியில் மீதித் தபால் காத்திருப்பதே எனக்கு மறந்துபோகும்.

ஒருநாள் என்ன யோசிக்கிறாய் என்று கேட்டேன். யோசிக்கவில்லையாம், பார்க்கிறாளாம். கைப்பிடி இறங்கும்போதெல்லாம் தராசு மேடையில் ஒரு லாரி ஏறுகிறது. ஓட்டுகிறவர் யாரும் இல்லை. கோதுமை மட்டும் கூம்பாக, வெயில் பட்டு. முள் நிற்கிறது, லாரி இறங்கிப் போகிறது, அடுத்தது ஏறுகிறது. எல்லாம் ஒரே எடை. வரிசை மலைவரைக்கும் நிற்கிறது. கடைசி லாரியில்தான் ஹால்வர் இருப்பான் என்று அவளுக்குத் தெரியும், அதனால் அவசரமில்லை. இதை அவள் இன்றைக்கு என்ன சமையல் என்பதுபோலச் சொன்னாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்காரர் உயிரோடுதான் இருக்கிறார், கனவில் வந்தால் சாவியைக் காணோம் என்று தேடிக்கொண்டுதான் வருவார்.

ஹால்வர் வாங்கி வைத்ததில் கடைசியாக ஒரு பெரிய டப்பா மருந்து மிஞ்சியிருந்தது. மூடிமேல் அவன் கையெழுத்து, மெழுகுப் பென்சிலில்: வருஷமும், 'நல்லா சுடும்' என்ற இரண்டே வார்த்தையும். அது நிலவறையில் உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் குளிர்ச்சியாகக் கிடந்தது. அவன் போன அடுத்த வசந்தத்தில் நிலவறைக்குள் பனிநீர் ஏறிவிட்டது. மருந்து என்றால் ஈரம் ஆகாது என்பது எங்கள் ஊரில் பால் குடிக்கும்போதே சொல்லிக் கொடுக்கிற பாடம். ஆர்டிஸ் முழங்கால் தண்ணீரில் இறங்கி, டப்பாவை மார்போடு அணைத்து மேலே கொண்டுவந்தாள். கொல்லைப்புற அறையில் ஹால்வரின் கோட்டு தொங்கும் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு அலமாரி. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் விறகடுப்பு. சுவரைத் தொட்டால் எப்போதும் கதகதப்பு. அங்கே வைத்தாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். நல்ல உலர்ந்த இடம் என்று பாராட்டியவளும் நான்தான். ஈரத்தை மட்டுமே பார்த்தோம். அடுப்புச் சூட்டில் மருந்து உள்ளுக்குள்ளேயே கெட்டு, தன்னைத் தானே தின்ன ஆரம்பிக்கும், முற்றினால் தானாகவே தீப்பற்றும் என்பது இரண்டு பேருக்குமே நினைவுக்கு வரவில்லை.

செப்டம்பரில் அந்த டப்பாவிலிருந்து அறுபது தோட்டா போட்டாள். நவம்பரில் ஒரே குண்டில் ஒரு பெண் எல்க் மானை வீழ்த்தினாள். சுட்ட கூட்டை வெளியே தள்ள இழுக்கிற துப்பாக்கித் தாழ் கொஞ்சம் இறுகியதாம். குளிர் என்று நினைத்துக்கொண்டாள். குளிர்பெட்டி நிறைந்தது. எனக்கும் ஒரு தொடை வந்தது.

அந்த இலையுதிர் காலத்திலிருந்தே வீட்டில் ஒரு வாடை. கொல்லைப்புறக் கதவைத் திறந்தவுடன் மூக்கின் ஓரத்தில் சுருக்கென்று குத்தும், புளித்த, இரும்பை நக்கிய மாதிரி ஒன்று. ஆர்டிஸ் பீட்ரூட்டும் ஹெர்ரிங் மீனும் வினிகரில் ஊறப் போடுகிறவள். ஏதோ ஜாடி கெட்டுவிட்டது, பாவம் அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்தேன். சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்குள் அது கோட்டில் ஒட்டிக்கொண்டு என் வண்டிவரை வந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நான் மட்டுமா? தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கும்போது பெண்கள் குரலைத் தணித்துக்கொண்டு பேசினார்கள். பாதிரியாருக்கே அங்கே போய்வந்தால் கண் எரிகிறதாம். தனியாக இருக்கிறவள், துக்கம் வீட்டைப் பார்க்க விடாது என்றாள் ஒருத்தி. எல்லோரும் தலையாட்டினோம். முடிவில் என்ன செய்தோம் தெரியுமா? ஆளுக்கொரு நாள் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்குக் கறி கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். அவளும் அதை வாங்கிக்கொண்டு, இந்த ஜனங்களுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்டாள். எல்லோருக்கும் உன்மேல் பிரியம் என்றேன். பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் பிரியத்தைக் கறியோடு சேர்த்து ஓடையில் போட்டிருக்கலாம்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. பனி உருகத் தொடங்கி, கூரையெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வீட்டுக்குப் பின்னால் ஹால்வர் அடித்து வைத்த சுடும் மேசையில் உட்கார்ந்து, துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்தாள். நான் வண்டியை நிறுத்தும்போது முதல் சத்தம் கேட்டது. இரண்டாவது சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஓடினேன்.

அவள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கரி, கண்ணாடியில் புள்ளி புள்ளியாகப் பொரிந்த தடம். கண்ணாடி இல்லாவிட்டால் கண் போயிருக்கும். துப்பாக்கியின் தாழ் திறக்கவில்லை. மரக்கட்டையால் தட்டித் திறந்தபோது பித்தளைக் கூடு அடியில் பிளந்து வெளியே வந்தது. அவள் அதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து மூன்று வாரம் அவள் தூங்கவில்லை என்றே சொல்லலாம். தராசைச் சரிபார்த்தாள். பிரஸ்ஸைக் கழற்றி மாட்டினாள். குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். எதிலும் தப்பு இல்லை. தப்பு இல்லை என்றால் தப்பு தன்னிடம்தான் என்ற முடிவுக்கு வந்தாள். ஒரு கூட்டில் கூடுதலாக மருந்தைப் போட்டுவிட்டு, போட்டதே நினைவில்லாமல் இருந்திருக்கிறாள் என்று. அவளுடைய அம்மா கடைசி ஏழு வருஷம் பெற்ற பெண்ணையே அடையாளம் தெரியாமல் கிடந்தவள். அதுவும் இப்படித்தான் தொடங்கியதாம், சர்க்கரையை இரண்டு தடவை போடுவதில்.

மூன்றாவது வாரத்து வெள்ளிக்கிழமை நான் போனபோது மேசை துடைத்து வைத்திருந்தது. பிரஸ்மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. ஸ்போகேனில் இருக்கிற தங்கை ஒபாலுக்கு எழுதிய கடிதத்தை என்னிடம் நீட்டினாள். ஒட்டவில்லை, ஒட்டும் முன்னால் எனக்குச் சொல்ல வேண்டுமென்று வைத்திருந்தாள். அங்கே வயதானவர்களுக்கான விடுதி இருக்கிறது. வீட்டை விற்றுவிடலாம். டிங்கரை நான் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

"என் எடையை நானே நம்ப முடியல, டார்லா," என்றாள். "அதுக்கப்புறம் நான் யாரு?"

நான் காபியை வாயருகே கொண்டுபோனேன். அந்த வாடை காபியையும் மீறி மூக்கில் ஏறியது. அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் வாடை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தலையைத் திருப்பிப் பார்த்தேன். சமையலறை ஜாடிகள் ஒரு பக்கம். வாடை வந்தது எதிர்ப்பக்கம், ஹால்வரின் கோட்டுப் பக்கமிருந்து. என் சின்ன வயதில் அப்பா ஒருநாள் ஒரு மருந்து டப்பாவைத் திறந்து, முகம் சுளித்து, அதைக் கைநீட்டிப் பிடித்தபடியே வயலின் நடுவுக்கு ஓடியது ஞாபகம் வந்தது. அன்றைக்கு எங்கள் கொட்டகையில் இருந்த வாடை இது.

கோப்பையை வைத்தேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்குப் பயம் என்று எதுவும் இல்லை என்று பீற்றிக்கொள்கிறவள் நான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஆர்டிஸ். உன் வீடு நாறுது."

அவள் என்னைப் பார்த்தாள். டிங்கர்கூடத் தலையைத் தூக்கினான்.

"என்ன சொன்ன?"

"நாறுது. அக்டோபர்லேருந்து நாறுது. நான் உன் ஊறுகாய்னு நினைச்சேன். ஊரே அப்படித்தான் நினைச்சுது. அது ஊறுகாய் இல்ல, அந்த டப்பா. மருந்து கெட்டுப்போச்சு, ஆர்டிஸ். தப்பு பண்ணது உன் கை இல்ல."

அவள் கழுத்து சிவந்தது. ஆறு மாசம் ஊர் முழுக்கத் தன் வீட்டுக்கு வந்து மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டு போயிருக்கிறது என்பது அவளுக்கு ஒவ்வொரு முகமாக நினைவு வந்திருக்க வேண்டும்.

"பாதிரியாரும்?" என்றாள்.

"அவருக்குக் கண்ணே எரிஞ்சுதாம்."

"அதான் அந்தக் கறியெல்லாமா?"

ஆமாம் என்றேன். அவள் எழுந்தாள். என்னை வெளியே போகச் சொல்வாள் என்று நினைத்தேன், கோட்டைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். அவள் மேசைக்குப் போய்ப் பிரஸ்மேல் இருந்த துணியை உருவினாள். அவள் யார் வாய்ச்சொல்லையும் நம்புகிறவள் இல்லை, முள் நிற்க வேண்டும். முதலில் டப்பாவை வெளியே கொண்டுபோகலாம் என்று நான் கெஞ்சினேன். அந்த ஒரு பேச்சை மட்டும் கேட்டாள். டப்பாவைத் தொட விடாமல் என்னைத் தள்ளிவிட்டு, தானே எடுத்துக்கொண்டு முற்றத்தின் கோடியில், கொட்டகைக்கும் வீட்டுக்கும் தொலைவாகப் பனியில் வைத்துவிட்டு வந்தாள். டப்பாவின் அடி சுட்டதாம். பனியில் அது தன்னைச் சுற்றி ஒரு வட்டம் உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

பிறகு மிச்சமிருந்த தோட்டாக்களை எடுத்தாள். குண்டைக் கழற்றுவதற்கென்றே ஒரு சுத்தியல் உண்டு. அதன் தலைக்குள் தோட்டாவை மாட்டி மரத்துண்டில் ஓங்கித் தட்டினால், குண்டும் மருந்தும் உள்ளே உதிரும். தட்டினாள். குண்டின் அடியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. மருந்து கட்டிகட்டியாக, செம்மண் தூசியோடு விழுந்தது. அதைத் தட்டில் போட்டுத் தராசில் வைத்தாள்.

முள் ஆடியது. அவள் காத்திருந்தாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன், வாடைக்காக இல்லை. முள் நின்றது.

ஐம்பத்துநாலு.

அடுத்தது. ஐம்பத்துநாலு. அதற்கடுத்ததும் அதுவே. ஜன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி வந்தது. என் வண்டியில் பாதிப் பள்ளத்தாக்கின் தபால் கிடந்தது. யாருக்கும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. ஐம்பத்தேழு தோட்டாவையும் உடைத்து நிறுத்தாள். அவள் போட்டதில் ஒரு துளி மாறவில்லை. கடைசித் தட்டை எடுக்கும்போதுதான் அவள் முகத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். அவள் அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"கை தப்பல," என்றாள். அப்புறம் மறுபடியும், தனக்கே சொல்வதுபோல, "கை தப்பல, டார்லா."

ஒபாலுக்கு எழுதிய கடிதம் அடுப்புக்குள் போனது.

கிளம்பும்போது அவள் கொல்லைப்புற அறையில் வெறும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஹால்வர் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் மூக்கை வைத்து இழுப்பானே, நினைவிருக்கிறதா என்று கேட்டாள். காபிப் பொடியை மோந்து பார்ப்பதுபோல ஏதோ அவனுடைய ஆசை என்று முப்பத்தேழு வருஷமும் நினைத்திருந்தாளாம். கேலிகூடச் செய்திருக்கிறாள். அவன் சிரித்துக்கொள்வான். உனக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறேன் என்று அவன் ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மனசு நோகும் என்று நினைத்திருப்பான். பார்த்தீர்களா, அவனும் எங்கள் ஊர்க்காரன்தான்.

அடுத்த நாளே டப்பாவைத் துத்தநாகத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தாள். ஏப்ரலில் நிலம் தெளிந்ததும் அந்த ஈர மருந்தைக் கரண்டி கரண்டியாக எடுத்து மேய்ச்சல் நிலத்தில் மெல்லிசாகத் தூவினாள். மருந்து கெட்டாலும் மண்ணுக்கு உரம், எங்கள் பக்கத்தில் பழைய மருந்தைப் புல்லுக்குத்தான் போடுவோம். நான் உதவிக்கு வரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள்.

ஜூனில் சாலை மேட்டிலிருந்து பார்த்தபோதுதான் அவள் நடந்த வழி எனக்குத் தெரிந்தது. வெளிறிய மேய்ச்சலுக்கு நடுவே கரும்பச்சையாக ஒரு தடம். கொல்லைக் கதவிலிருந்து கிளம்பி, சுடும் மேசையைச் சுற்றி, வைக்கோல் வயலுக்குள் போகிறது. டிராக்டர் தானாகப் போன அதே வழியில், ஓடைக்கரை வில்லோ புதர்வரை. அங்கே, புதருக்குக் கொஞ்சம் முன்னால், ஹால்வர் கிடந்த இடத்தில், ஒரு பாய் அகலத்துக்குப் பச்சையே இல்லை. கருகி மஞ்சளாகக் கிடந்தது. உரம் மிஞ்சினால் புல் கருகும், மெல்லிசாகத் தூவ வேண்டுமென்று அவளுக்குத் தெரியாதா? அந்த இடத்துக்கு வந்ததும் மிச்சத்தை அப்படியே கொட்டிவிட்டு நின்றிருக்கிறாள். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. சில விஷயத்தில் பழைய மரியாதை இன்னும் இருக்கிறது.

புது டப்பா மருந்து இப்போது குளிர்ந்த கொட்டகையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைதோறும் நான் உள்ளே நுழைந்ததும் ஆர்டிஸ் முதலில் அதைத்தான் நீட்டுகிறாள். நான் மூக்கை வைத்து இழுத்து, நல்லா இருக்கு என்கிறேன். அதோடு விடுவதில்லை. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். ஈர நாய், பிர்ச் விறகு, உன் ரொட்டி அடிப்பிடிக்கிறது என்று உள்ளதைச் சொல்கிறேன். அவள் ஓடிப்போய் அடுப்பைத் திறக்கிறாள்.

போன வாரம் அவள் ஹால்வரின் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். அவனைச் சந்திக்கும்போதே அவளுக்கு மூக்கு போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஹால்வர் எப்படி இருப்பான்?" என்று கேட்டாள். "யாரும் எனக்குச் சொன்னதே இல்ல."

கோட்டில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ஆறு மாசம் அந்த வாடைக்குப் பக்கத்தில் தொங்கியது. புளித்த மருந்து மட்டும்தான் இருந்தது. அவனில் ஒரு இழைகூட இல்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். இனிமேல் அந்த வீட்டில் அது கிடையாது.

"இதுல அவன் இல்ல, ஆர்டிஸ். போயிடுச்சு. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு," என்றேன்.

சொன்னேன். டிராக்டர் கிரீஸ். நனைந்த கம்பளி. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கிற புதினா மிட்டாய். காய்ந்த வைக்கோல், அது முடிக்குள்ளே. விரல் நுனியில் நல்ல மருந்தின் வாசனை, நகப்பூச்சு மாதிரி லேசாக இனித்துக்கொண்டு. இதெல்லாம் சேர்ந்து ஆள் உள்ளே வருவதற்கு முன்னாலேயே வாசலில் வந்து நிற்கும் என்றேன்.

அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. நான் முடித்த பிறகும், தராசு மேடையில் முள் நிற்பதற்குக் காத்திருப்பாளே, அப்படி உட்கார்ந்திருந்தாள்.

"மறுபடி ஒரு தடவ சொல்லு," என்றாள். "மெதுவா."